நகல் என்றால் இளக்காரமா?

ஜெரால்டோ பினோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சியரா லியோன் நாட்டுக்காரர். 1960களில் 'ஹார்ட்பீட்ஸ்' குழுவோடு, அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரௌனைப் போலவே பாடி ஆடி, மேற்கு ஆப்பிரிக்காவைக் கலக்கியவர்.

நைஜீரியாவின் லேகோஸ் நகரமே இவர் பின்னால் போனது. அங்கே ஜாஸ் கலந்த ஹைலைஃப் இசை வாசித்துக்கொண்டிருந்த ஃபெலா குட்டி அசந்துபோனார். நமக்கென்று தனி இசை வேண்டும் என்ற வேகம் அவருக்கு வந்தது. பிறகு அவர் உருவாக்கியதுதான் உலகப்புகழ் 'ஆஃப்ரோபீட்'. பினோ தந்த அதிர்ச்சியை ஃபெலா மறைத்ததில்லை.

ஆனாலும் 'காப்பியடித்தவர்தானே' என்று பினோவை ஒதுக்குகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. இன்னொருவரைத் தட்டி எழுப்பிய நகலுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஃபெலாவைக் கேட்பவர்கள் பினோவையும் ஒருமுறை கேளுங்கள்.