நிதி கேட்டு வரும் விண்ணப்பங்கள்



கடல் கடந்த அறப்பணிகளுக்கு வாரி வழங்குவதில் மலேசியத் தமிழர்கள் சளைத்தவர்கள் அல்லர். ஆனால், நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்று நாம் அதிகம் பேசுவதில்லை. பிரிஞ்சாங் வட்டார அன்பர்கள் சிலர் இத்தகைய விண்ணப்பங்களை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. ஆசிரியருக்குத் தாள் திருத்தத் தெரியும் என்ற நம்பிக்கைதான்!

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. குறிக்கோள், செயற்பாடு, விளைவு, அதை அளக்கும் குறியீடு எனக் கட்டம் கட்டமாக இருக்கும். இவ்வமைப்பு 1969இல் அமெரிக்க அரசின் யூஎஸ்எய்டு நிறுவனத்திற்காக உருவாக்கப்பட்டது. அந்நிறுவனம் 2025இல் கலைக்கப்பட்டபோதும் கட்டம் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. நமக்கும் இது புதிதன்று. நாள் பாடத்திட்டத்தில் நோக்கமும் வெற்றிக்கூறும் எழுதாத ஆசிரியர் உண்டா? ஏட்டில் அழகாக இருக்கும் பாடம் வகுப்பில் எடுபடாமல் போவதுண்டு என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கண்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் உலகம் அளித்த உதவி ஏறத்தாழ 13.5 பில்லியன் அமெரிக்க டாலர். பாதிக்கப்பட்டோரில் ஆளுக்கு 7,100 டாலருக்கும் மேல். அதே ஆண்டில் வங்காளதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குச் செலவிடப்பட்டதோ ஆளுக்கு 3 டாலர். 2006இல் வெளிவந்த கூட்டு மதிப்பீட்டறிக்கை தரும் கணக்கு இது. இவ்வளவு பணம் இருந்தும் இலங்கைக் கரையில் சிறு படகுகள் தேவைக்கு மிஞ்சிக் குவிந்தன. படகை எண்ணலாம், படம் பிடிக்கலாம், கொடுத்தவர் பெயரையும் எழுதலாம். மீன் விற்கும் பெண்ணின் இழப்பும், சொந்தப் படகில்லாத கூலி மீனவரின் இழப்பும் அவ்வளவு எளிதில் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

இன்னொன்று. போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்காக 65,000 இரும்பு வீடுகள் கட்ட இலங்கை அரசு 2015-16இல் திட்டமிட்டது. ஆர்செலர் மித்தல் நிறுவனம் தேர்வாயிற்று. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 லட்சம் இலங்கை ரூபாய். கல்வீட்டுக்கு அதில் பாதி போதும் என்று எதிர்த்தவர்கள் வாதிட்டனர். அவர்களது கேள்விகள் எளியவை. விறகடுப்பை எங்கே வைப்பது? இந்த வெயிலில் உள்ளே இருப்பது எப்படி? குடும்பம் பெருகினால் ஓர் அறை கூட்டிக் கட்ட ஊர்க் கொத்தனாரால் இயலுமா? சமைப்பவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே இவை தெரிந்திருக்கும்.

அதே மண்ணில் 2012 முதல் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் தவணைகளாக அளிக்கப்பட்டது. வீட்டை அவர்களே கட்டினர். பணம் போதாமல் கடன்பட்டோரும் உண்டு. குறையற்ற திட்டம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் அடுப்படி எங்கே என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்தார். அத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 4,000 மலையகத் தோட்டங்களுக்கு உரியவை. அங்கே வீட்டுக்கு முன் காணி வேண்டியிருந்தது. லயத்தில் வாழ்பவருக்கு ஏது காணி? வேலை உள்ளவரைதான் தோட்டத்து வீடு என்பதைத் தேயிலை மலையில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எனவே, தோட்டத்து மக்களுக்கு வீடு கட்ட நிதி கேட்கும் விண்ணப்பத்தில் நிலம் யார் பெயரில் என்று இல்லையெனில் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

கட்டங்கள் இல்லையென்றால் மோசடி பெருகும் என்பார்கள். மித்ரா நிதி தொடர்பாக 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்ததையும் நினைவூட்டுவார்கள். நியாயந்தான், பற்றுச்சீட்டும் கணக்கும் வேண்டும். ஆனால், படிவம் நிரப்புவதில் தேர்ந்தவர் ஏமாற்றுவதிலும் தேர்ந்தவராக இருக்கலாமே! நல்ல ஆங்கிலத்தில் வந்த இருபது பக்கத்திற்கு உடனே மயங்கி, ஒரு தோட்டத்துத் தலைமையாசிரியர் தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தை ஒதுக்குவதுதான் எனக்கு வருத்தம். கட்டுரைத் திறனுக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் வகுப்பறை.

அடுத்து ஒரு பாலர் பள்ளிக்கு நிதி கேட்டுத் தாள் வந்தால், அவ்வூர்த் தாய்மார் இருவரின் தொலைபேசி எண்களையும் கேட்டு வாங்குங்கள். கொழுந்து பறிக்கப் போகும் காலையில் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவார், மூன்றாம் ஆண்டில் ஆசிரியைக்குச் சம்பளம் யார் தருவார் என்று அவர்களிடமே கேளுங்கள். அதன்பின் காசோலையில் கையெழுத்திடலாம்.