திபெத்தியர் பேசட்டும்

திபெத்தியர் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படம் அரசியல் பிரச்சாரமாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் 'பண்ணையடிமை' என்ற சீனப் படத்திலிருந்து தொடங்கலாம். 1963-இல் லீ ஜுன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் அது. தயாரித்தது சீன ராணுவத்துக்குச் சொந்தமான 'ஆகஸ்ட் முதல் நாள்' ஸ்டூடியோ. நாயகன் ஜம்பா, சின்ன எஜமானைக் குதிரையைப் போல முதுகில் சுமந்து வளர்ந்தவன். பசி தாளாமல் கோயில் படையலை எடுத்துத் தின்று மாட்டிக்கொண்டவன், அதன்பிறகு பேசுவதையே நிறுத்திவிடுகிறான். ஊரார் அவனை ஊமை என்றே முடிவுகட்டுகிறார்கள். பிறகு சீன ராணுவம் வருகிறது. புத்தர் சிலைக்குள் பதுக்கிய ஆயுதங்கள் அம்பலமாகின்றன. படம் முடிகிற இடத்தில், மாவோவின் உருவப்படத்தைப் பார்த்து ஜம்பா வாய் திறக்கிறான்.

கலை என்ற அளவில் அது மட்டமான படமில்லை. முகங்களை அருகில் வைத்துப் பார்க்கும் அதன் ஒளிப்பதிவை இன்றும் ரசிக்கலாம். நடித்தவர்களும் திபெத்தியர்களே. ஆனால் லாசாவில் அது எப்படிப் பார்க்கப்பட்டது என்பதுதான் கதை. அந்த ஊரில் பிறந்து வெளிநாட்டில் வாழும் வரலாற்றாசிரியர் ஒருவர் தன் தாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: படத்தைப் பார்த்து அழாதவர்கள் நிலப்பிரபுக்களின் அனுதாபிகள் என்ற சந்தேகத்துக்கு ஆளாவார்கள், அதனால் அவருடைய தாயும் தோழிகளும் கண்ணுக்குக் கீழே புலித் தைலம் தடவிக்கொண்டு போவார்களாம். கண்ணீர் தானாக வரும்.

அந்தப் படத்தில் பொய் எவ்வளவு? நினைப்பதைவிடக் குறைவு. பழைய திபெத்தில் நிலம் பிரபுக்களிடமும் மடங்களிடமும் லாசா அரசிடமும் இருந்தது. அதை உழுதவர்களில் பெரும்பகுதியினர் அந்த நிலத்தோடு கட்டப்பட்டவர்கள். அந்தக் கட்டை 'பண்ணையடிமை முறை' என்று அழைக்கலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. ஆனால் பழைய ஏற்பாட்டுக்குச் சீர்திருத்தம் தேவைப்பட்டது என்று தலாய் லாமாவே பலமுறை சொல்லியிருக்கிறார். படம் மறைத்தது வேறொன்றை. அது எடுக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1959 மார்ச் 10 அன்று, தலாய் லாமா தங்கியிருந்த நோர்புலிங்கா அரண்மனையைச் சுற்றி லாசாவின் சாதாரண ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றார்கள், சீன ராணுவத்திடமிருந்து அவரைக் காப்பாற்ற. விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மக்கள் விடுவித்தவருக்கு எதிராக ஏன் எழுந்தார்கள்? அந்தக் கேள்வி நுழைய முடியாதபடி கதை அடைக்கப்பட்டிருக்கிறது. பொய் சொல்லாமலே பிரச்சாரம் செய்யலாம்; உண்மையைப் பாதியில் நறுக்கினால் போதும்.

பாதியில் நறுக்கும் கத்தரிக்கோல் பெய்ஜிங்கில் மட்டும் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1997-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு இரண்டு திபெத் படங்கள் வந்தன. ழான் ஜாக் அனோவின் 'செவன் இயர்ஸ் இன் திபெத்' பெரும்பாலும் அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையில் எடுக்கப்பட்டது. அதில் சீனத் தளபதிகள், துறவிகள் வண்ணமணலால் வரைந்த மண்டலத்தைப் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு போவார்கள். படத்துக்கு மூலமான ஹைன்ரிஷ் ஹாரரின் புத்தகத்தில் அப்படியொரு சம்பவம் கிடையாது. வில்லனுக்குப் பூட்ஸ் தேவைப்பட்டது, மாட்டிவிட்டார்கள். நாயகன் ஹாரரின் கறையோ வெளியிலிருந்து வந்து விழுந்தது: படம் வெளியாகும் தறுவாயில், ஹாரர் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் உறுப்பினராக இருந்தவர் என்பதை ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. ஓர் ஐரோப்பியரின் மனமாற்றத்துக்குத் திபெத் பின்னணித் திரையாக நின்றது என்பதே அந்தப் படத்தைப் பற்றிய நியாயமான தீர்ப்பு.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'குந்துன்' எவ்வளவோ மேல். பிராட் பிட்டைப் போன்ற நட்சத்திரம் இல்லை, வெள்ளைக்கார வழிகாட்டி இல்லை. எல்லாப் பாத்திரங்களும் திபெத்தியர், சீனர்தான். சிறுவனான தலாய் லாமா தொலைநோக்கி வழியே சங்கிலி பூட்டிய கைதிகளைப் பார்ப்பதையும், மடத்தில் துப்பாக்கி இருந்ததையும் ஸ்கார்செஸி மறைக்கவில்லை. ஆனாலும் மெலிஸ்ஸா மாதிசனின் திரைக்கதை தலாய் லாமாவோடு நடத்திய உரையாடல்களிலிருந்து எழுந்தது; தலாய் லாமாவின் தாயாக நடித்தவர் அவருடைய உறவுக்காரப் பெண். அனோவின் படத்திலும் அதே தாய் வேடத்தில் வருபவர் தலாய் லாமாவின் சொந்தத் தங்கை ஜெட்சுன் பெமா. தமிழர்களுக்குப் பழக்கமான பக்திப் படத்தின் இலக்கணம்தான் 'குந்துன்' முழுக்க ஓடுகிறது: நாயகன் துன்பப்படலாம், தவறக் கூடாது.

அப்படியானால் 'பண்ணையடிமை'யும் 'குந்துன்' படமும் ஒன்றா? இல்லை. இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்தவை. அதோடு ஒற்றுமை முடிகிறது. 'குந்துன்' வந்த வாரமே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுத அமெரிக்கப் பத்திரிகைகளுக்குத் தடையில்லை, எழுதினார்கள். 'பண்ணையடிமை'யைப் பற்றி லாசாவில் முகம் சுளிக்கக்கூட முடியாது. ஒரு படம் பிரச்சாரமா என்பதைத் திரைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்காவது இடம் விடப்பட்டிருக்கிறதா என்று அரங்குக்கு வெளியேயும் பார்க்க வேண்டும்.

வெளியே பார்த்தால் வேறொன்றும் தெரியும். 'குந்துன்' எடுப்பதை எதிர்த்துச் சீனா டிஸ்னி நிறுவனத்துக்குக் கண்டனம் தெரிவித்தது. படத்தைக் கைவிட மாட்டோம் என்று அறிவித்த டிஸ்னி, அதை ஒருசில அரங்குகளில் மட்டும் ஓசையில்லாமல் வெளியிட்டது. சுமார் 2.8 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 60 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. 1998 அக்டோபரில் டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் சீனப் பிரதமர் ஜு ரோங்ஜியைச் சந்தித்து, படம் எடுத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். 2016-இல் ஷாங்காயில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதே ஆண்டு வெளியான டிஸ்னியின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில், காமிக்ஸில் திபெத்தியராக இருந்த குரு கெல்டிக் பெண்ணாக மாறியிருந்தார். திபெத்தியராகவே வைத்தால் சீனச் சந்தையைப் பகைத்துக்கொள்ள நேரும் என்று திரைக்கதையாசிரியர்களில் ஒருவரே பேசினார். திபெத்தியரை நல்லவராகவோ கெட்டவராகவோ காட்டுவதற்குப் பதில் காட்டாமலே விட்டுவிடுவது மலிவான வழி என்று ஹாலிவுட் கற்றுக்கொண்டது.

அரசியலே பேசாத படங்களின் கதை இன்னும் சிக்கலானது. தியன் ஜுவாங்ஜுவாங்கின் 'குதிரைத் திருடன்' 1986-இல் வந்தது. வசனம் மிகக் குறைவு. வறுமையும் சடங்கும் சாவும் மலையும்தான் படம். தொண்ணூறுகளில் பார்த்தவற்றில் தனக்கு மிகப் பிடித்தது என்று ஸ்கார்செஸி கொண்டாடியதும் இதைத்தான். இயக்குநர் கதைக்குக் காலம் குறிக்கவில்லை. தணிக்கை குறித்தது: படத்தின் தொடக்கத்தில் '1923' என்று போடச் சொன்னார்கள். நான்கே இலக்கம், அவ்வளவு பட்டினியும் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு முந்தைய பட்டினியாகிவிட்டது. ஓர் ஆண்டைக் குறித்தே ஒரு படத்தை அரசாங்கத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

2015-இல் ஷாங் யாங் எடுத்த 'காங் ரின்போச்சே' படத்தில் ஒரு கிராமத்தார் லாசாவுக்கும் அங்கிருந்து கைலாய மலைக்கும் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தபடியே போகிறார்கள். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், நெகிழ்ச்சியான படம். சீன நகரங்களில் 10 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. ஆனால் 2008-இல் லாசாவில் வெடித்த கலவரத்துக்குப் பிறகான திபெத்தின் வழியாக நடக்கும் அந்த நீண்ட பயணத்தில் அரசு என்ற ஒன்று இருப்பதற்கான அடையாளமே அபூர்வம். அமைதியான, பக்தியான, கேள்வி கேட்காத திபெத்தியரைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த இடத்தில் அவசரப்பட்டு, சீன அனுமதியோடு எடுத்த எல்லாமே பிரச்சாரம் என்று முத்திரை குத்துவோர் உண்டு. அவர்கள் பெமா செதனைப் பார்க்க வேண்டும். சிங்ஹாய் மாகாணத்தின் அம்தோ பகுதியில் மேய்ச்சல் குடும்பத்தில் 1969-இல் பிறந்தவர். பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த முதல் திபெத்திய இயக்குநர். இனம், மதம் தொடர்பான கதை என்றால் சீனாவில் வழக்கமான தணிக்கைக்கு மேல் இன்னொரு சுற்று உண்டு. தலாய் லாமாவின் பெயரைச் சொல்ல முடியாது, சீன ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தவர்களைப் பற்றிப் பேச முடியாது. அத்தனை வேலிக்குள் நின்று அவர் 2015-இல் 'தார்லோ' எடுத்தார். அடையாள அட்டைக்காகக் காவல் நிலையம் வரும் ஆட்டிடையன், மாவோவின் 'மக்களுக்குச் சேவை செய்' உரையை மந்திரம் ஓதுவதைப் போல மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். படம் முழுக்க ஒரு கோஷம் இல்லை. அட்டை கையில் கிடைப்பதற்குள் அவன் ஆடுகளை இழந்து, சடையை இழந்து, கடைசியில் அந்த உரையையும் மறந்துவிடுகிறான். பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் எல்லாம் இருக்கிறது.

அவருடைய 'கிழட்டு நாய்' படத்தில் சீனப் பணக்காரர்களுக்காக விலைக்குக் கேட்கப்படும் மாஸ்டிஃப் நாயை விற்க மனமில்லாத கிழவர் தன் கையாலேயே அதைக் கொல்கிறார். 'பலூன்' படம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் மறுபிறவி நம்பிக்கையையும் ஒரு பெண்ணின் வயிற்றில் மோதவிடுகிறது. இரண்டு தரப்பும் அவளைக் கேட்கவில்லை என்பதையும் காட்டுகிறது. பெய்ஜிங்குக்கும் பிடிக்காத, மடத்துக்கும் பிடிக்காத உண்மை அது. 2016-இல் ஷினிங் விமான நிலையத்தில் விட்டுவந்த பெட்டியை எடுக்கத் திரும்பிப் போன இந்த இயக்குநரைப் போலீஸ் பிடித்து அடைத்தது. அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2023 மே மாதம், 53 வயதில் இறந்தார். வாய் கட்டப்பட்டவரின் மௌனத்தையும் கட்டியவரின் மௌனத்தையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

மௌனம் காக்க மறுத்தவருக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் உள்ளது. தோண்டுப் வாங்சென் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு முன்பு ஊர் ஊராகப் போய்ச் சாதாரணத் திபெத்தியரைக் கேமரா முன் பேசவைத்தார். 25 நிமிட 'லீவிங் ஃபியர் பிஹைண்ட்' அப்படி உருவானது. 2008 மார்ச்சில் கைதானார்; ஆறு ஆண்டு சிறை. அதுவும் பிரச்சாரப் படம் என்பார்கள் சீன அதிகாரிகள். சொல்லட்டும். முகத்தைக் காட்டிப் பேசினால் சிறை என்று தெரிந்தே பேசியவர்களின் வார்த்தையையும், அழாவிட்டால் ஆபத்து என்று அழுதவர்களின் கண்ணீரையும் வேறுபடுத்தத் தெரியாதவருக்கு வாதம் உதவாது.

நாடு கடந்த திபெத்தியர் தரப்பிலும் தங்களுக்கு வசதியில்லாததைச் சொல்லத் துணிந்தவர்கள் உண்டு. தரம்சாலாவில் வாழும் ரிது சரின், டென்சிங் சோனம் தம்பதி 1998-இல் எடுத்த ஆவணப்படம், திபெத்திய கெரில்லாக்களுக்கு அமெரிக்க சி.ஐ.ஏ. பயிற்சியும் ஆயுதமும் கொடுத்ததை விரிவாகச் சொன்னது. அகிம்சைப் புனிதர்கள் என்ற பிம்பத்தை அது கலைத்தது. அவர்களே எடுத்த 'தி சன் பிஹைண்ட் தி கிளவுட்ஸ்' படத்தை விலக்கச் சொல்லி 2010-இல் அமெரிக்காவின் பாம் ஸ்பிரிங்ஸ் திரைப்பட விழாவுக்குச் சீனா நெருக்கடி கொடுத்தது. விழாக் குழு மறுத்தது. சீனா தன் இரண்டு படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, விழா நடந்தது.

அந்த முதுகெலும்பு இந்தியாவில் இல்லை. 2011-இல் வந்த இம்தியாஸ் அலியின் 'ராக்ஸ்டார்' படத்தில், தரம்சாலாவில் எடுத்த பாடல் காட்சியில் 'சுதந்திரத் திபெத்' பதாகை வந்தது. அதை மங்கலாக்கச் சொன்னது தணிக்கை வாரியம். ஒரு லட்சம் அகதிகளுக்கு அரை நூற்றாண்டாக இடம் கொடுத்த நாடு, அவர்களின் பதாகை சினிமாப் பாட்டில் சில நொடிகள் தெரிவதற்கு அஞ்சியது. வெளியுறவுத் துறையின் சங்கடத்தைத் தீர்ப்பது தணிக்கை வாரியத்தின் வேலையல்ல. படத்துக்கு வயதுச் சான்று கொடுப்பதோடு அது நின்றுகொள்ள வேண்டும். கோவா, சென்னை, திருவனந்தபுரம் விழாக்களை நடத்துவோர் சீன அரசின் படம், நாடு கடந்தோரின் படம், பெமா செதனின் படம் மூன்றையும் வெட்டாமல் திரையிட்டு, திபெத்திய விமர்சகர்களையும் மேடைக்கு அழைக்க வேண்டும். அவர்களைத் தேடி லாசாவுக்குப் போக வேண்டியதில்லை. திபெத்திய அகதிகளின் குடியிருப்பான பைலகுப்பே மைசூருக்கு அருகிலேயே இருக்கிறது.