அணுகுண்டு யாரை அச்சுறுத்த?

போரை விரைவில் முடிக்கவும், இலட்சக்கணக்கான வீரர்களின் உயிரைக் காக்கவுமே 1945-இல் ஜப்பான் மீது அணுகுண்டு வீசப்பட்டது என்பர். அன்றைய அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளர் ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய கட்டுரையில் இவ்வாறே நியாயம் கற்பித்தார். வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் அந்நாளைய நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். இந்த ஒரு காரணம் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானின் கியூஷூ தீவில் அமெரிக்கப் படைகள் இறங்கக் குறித்திருந்த நாள் நவம்பர் 1. அப்படியிருக்க, ஆகஸ்டு முதல் வாரத்திலேயே ஏன் அத்தனை அவசரம்? விடையில் ஒரு பாதி மாஸ்கோவில் இருக்கிறது. ஜெர்மனி பணிந்த இரண்டு மூன்று மாதங்களில் ஜப்பானுடன் போர் தொடுப்பதாக ஸ்டாலின் யால்டா மாநாட்டில் வாக்களித்திருந்தார். ஜெர்மனி சரணடைந்தது மே 8. ரஷ்யா போர் அறிவித்தது ஆகஸ்டு 8. ஹிரோஷிமா எரிந்ததோ ஆகஸ்டு 6! ஜப்பானின் தோல்வியில் ரஷ்யா பங்கு கேட்குமுன் கதையை முடித்துவிடும் எண்ணம் இதில் இல்லையா?

குண்டு ஜூலையில்தானே தயாராயிற்று, தயாரானதும் போட்டார்கள், இதில் என்ன சூது என்று நண்பர்கள் கேட்கலாம். ஜூலைக்கு முன்பே நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். மே மாத இறுதியில் அறிவியலறிஞர் ஜிலார்டு, விரைவில் வெளியுறவுச் செயலாளராகவிருந்த பைர்ன்ஸைச் சந்தித்தார். ஜப்பானை வெல்லக் குண்டு தேவை என்று பைர்ன்ஸ் வாதிடவே இல்லையாம். குண்டைக் காட்டினால் ஐரோப்பாவில் ரஷ்யா வழிக்கு வரும் என்றாராம். இருநூறு கோடி டாலர் செலவுக்குப் பலன் காட்டாவிட்டால் மேற்கொண்டு பணம் பெறுவது எப்படி என்றும் கேட்டாராம். ஜிலார்டு பின்னாளில் எழுதி வைத்த செய்தி இது. ஒரு நகரத்தின் சாவைக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கும் மனத்தை என்னென்பது!

மன்னர் பிரச்சினையையும் பாருங்கள். முடியாட்சி நீடிக்கலாம் என்ற வாசகம் ஸ்டிம்சனின் வரைவில் இருந்தது. ஜூலை 26-இல் வெளியான போட்ஸ்டாம் அறிவிப்பில் அது காணாமற் போயிற்று. போர் முடிந்தபின் மன்னரோ அரியணையிலேயே இருந்தார், 1989-இல் இறக்கும்வரை. இதனால் ஜப்பானியப் படைத்தலைவர்களை நான் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நாகசாகிக்குப் பின்னரும் போர்க்குழுவின் அறுவரில் மூவர் கூடுதல் நிபந்தனை கேட்டு முரண்டு பிடித்தவர்களே.

ஹிரோஷிமாவுக்காவது வாதம் உண்டு. நாகசாகிக்கு என்ன உண்டு? ரஷ்யப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்த அதே ஆகஸ்டு 9 அது. முதற்குண்டின் அழிவைப் புரிந்துகொள்ளக்கூட டோக்கியோவுக்கு அவகாசமில்லை. அந்த விமானம் முதலில் சென்றது கொகுரா நகருக்கு. அங்கே வானம் தெளிவாக இல்லாததால் நாகசாகிக்குத் திரும்பியது. இரண்டாவது குண்டுக்கென்று தனியாக யாரும் யோசித்து முடிவெடுக்கவும் இல்லை. தயாராகத் தயாராகப் போடலாம் என்று ஜூலை 25-ஆம் நாள் ஆணையிலேயே எழுதியிருந்தது. அதாவது, ஜப்பானைச் சரணடையக் கோரிய அறிவிப்பு வெளியாவதற்கு முந்திய நாள். தம் அனுமதியின்றி இனி அணுகுண்டு போடக்கூடாது என்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் தடுத்தது ஆகஸ்டு 10-இல்.