கணவரின் விசா, மனைவியின் வேலை: எச்-4 வேலை அனுமதி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எச்-4 என்பது அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயது நிறையாத பிள்ளைகளுக்கும் தரப்படும் சார்பு விசா. இதை வைத்துக்கொண்டு அந்நாட்டில் குடியிருக்கலாம், கல்லூரியில் படிக்கலாம், கார் ஓட்ட உரிமம் எடுக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும் முடியாது. அதற்கு ஈ.ஏ.டி. என்று எல்லோரும் சொல்லும் வேலை அனுமதி அட்டையைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதைக் கேட்கும் தகுதியும் எச்-4 விசா உள்ள எல்லோருக்கும் கிடையாது. வேலை பார்க்கும் உரிமை எச்-4 விசாவோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதும், அந்த உரிமை ஓர் ஒழுங்குவிதியின் தயவில் நிற்காமல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் இந்தியப் பெண்களுடையது. 2015 மே மாதம் முதல் 2017 டிசம்பர் வரை முதல்முறையாக ஈ.ஏ.டி. பெற்ற எச்-4 விசாதாரர்கள் 90,946 பேர். அவர்களில் 93 சதவீதம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். 93 சதவீதம் பேர் பெண்கள். சென்னையிலோ கோவையிலோ பொறியியல் முடித்து ஐ.டி. வேலையில் சில ஆண்டுகள் சம்பாதித்த பெண், கல்யாணத்துக்குப் பின் ராஜினாமா கொடுத்து, நிறுவனத்திடம் விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சிக்கோ டெக்சஸுக்கோ போய் இறங்குகிறார். வேலை அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. வருமான வரிப் படிவத்தில் கணவரோடு சேர்த்துக் காட்டுவதற்காக வேறொரு வரி எண் மட்டும் தரப்படும். கிரெடிட் வரலாறு கணவர் பெயரில்தான் சேரும். வாடகை ஒப்பந்தமும் காரும் பெரும்பாலும் அவர் பெயரில்தான். நேற்றுவரை தன் சம்பளத்தில் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர், இன்று ஊருக்குப் பணம் அனுப்பவும் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

எச்-1பி இன்றைய வடிவத்தில் 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் வந்தது. அதிகபட்சம் 6 ஆண்டு என்று அதற்கு வரம்பு வைத்தார்கள். 6 ஆண்டில் ஊர் திரும்பிவிடப் போகிறவரின் மனைவி வேலை பார்க்காமல் இருந்தால் பெரிய இழப்பில்லை என்று அன்று நினைத்திருக்கலாம். ஆனால் வேலைவழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 மட்டுமே. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகப் போகக்கூடாது என்பது விதி. மக்கள்தொகை எவ்வளவு, மனுக்கள் எத்தனை என்ற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. அதனால் 2025ஆம் ஆண்டின் நடுவில்கூட, இ.பி.-2 என்ற வேலைவழிப் பிரிவில் 2013 ஜனவரிக்கு முன் வரிசையில் சேர்ந்த இந்தியர்களுக்கே கிரீன் கார்டு கிடைத்துக்கொண்டிருந்தது. இப்படிக் காத்திருப்பவர்கள் 6 ஆண்டுக்குப் பிறகும் எச்-1பியை நீட்டித்துக்கொள்ள 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. கணவரின் வேலை அதனால் காப்பாற்றப்பட்டது. மனைவியைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. 6 ஆண்டுக்கென்று வகுத்த தடை 12 ஆண்டு, 15 ஆண்டு என்று நீண்டது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2015 பிப்ரவரியில் ஒரு விதியை வெளியிட்டது. அது அவ்வாண்டு மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் 1,79,600 பேர் வரையும், பிறகு ஆண்டுதோறும் 55,000 பேர் வரையும் தகுதி பெறக்கூடும் என்று துறையே மதிப்பிட்டது. தகுதி இரண்டு வகையில் வரும். கணவருக்காக அவரது நிறுவனம் போட்ட ஐ-140 குடியேற்ற மனு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்; அல்லது, கிரீன் கார்டு வேலைகள் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிட்ட காரணத்தால் அவரது எச்-1பி 6 ஆண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்குமே முதல் அடி எடுத்துவைக்க வேண்டியது கணவரின் முதலாளி. அந்த முதலாளி கிரீன் கார்டு வேலையைத் தொடங்காமல் தள்ளிப்போட்டால், எம்.டெக். படித்த பெண்ணும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். தான் ஒருநாளும் வேலை பார்த்திராத, தன்னை யாரென்றே அறியாத ஒரு நிறுவனத்தின் முடிவில் ஒருவரது பிழைப்பு தொங்குவது நியாயமல்ல. இன்றைய ஏற்பாட்டில் இவ்வமைப்பு காணும் அடிப்படைக் கோளாறு இதுவே.

விண்ணப்பம் ஐ-765 படிவத்தில் போகிறது. 2024 ஏப்ரலில் அதன் கட்டணம், தாளில் அனுப்பினால், 410 டாலரிலிருந்து 520 டாலராக உயர்ந்தது. படிவத்தோடு மனைவியின் எச்-4 சான்றும், கணவரின் எச்-1பி, ஐ-140 சான்றுகளும், திருமணச் சான்றிதழும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பெயரில்தான். இங்கே குடும்பப் பெயர் வழக்கம் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்து ஓரிடத்தில் நிற்கும். திருமணச் சான்றிதழில் இனிஷியலாகவே இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவருக்குத் தந்தை பெயர் போய்க் கணவர் பெயர் வந்திருக்கும். ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பெயரோடு இருந்தால், கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வரும், மாதங்கள் ஓடும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதச் சொன்னால் பின்னால் வரும் அலைச்சல் குறையும்.

அட்டை கைக்கு வந்த பிறகு தேதி பார்க்கும் கவலை தொடங்குகிறது. ஈ.ஏ.டி. பொதுவாக எச்-4 காலம் முடியும் நாளைத் தாண்டிச் செல்லாது. அந்த நாளைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். விசாவில் இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. பாஸ்போர்ட் காலாவதியாக 8 மாதம்தான் இருக்கிறது. விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94ஐ வெட்டிவிடலாம். முத்திரையின் கீழே கையால் எழுதிய அந்தச் சின்னத் தேதியையோ இணையத்தில் ஐ-94ஐயோ யாரும் பார்க்காமல் விட்டால், 8 மாதம் கழித்து எச்-4 நிலையும் அதோடு வேலையும் போய்விடும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுப் பயணம் போயிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

புதுப்பித்தல் இதைவிடக் கடினம். ஐ-539 என்ற எச்-4 நீட்டிப்பு மனுவுக்கு 2019 மார்ச்சில் கைரேகைப் பதிவு கட்டாயமானது. நாள் கொடுக்க முடியாமல் மனுக்கள் மாதக்கணக்கில் தேங்கின. எத்தனையோ பெண்கள் அட்டை முடிந்து வேலையை விட்டு நின்றார்கள். 2021 மே மாதம் அந்தக் கட்டாயம் நிறுத்தப்பட்டது. 2023 ஜனவரியில் ஏற்பட்ட ஒரு நீதிமன்றச் சமரசத்தின்படி, சேர்த்துப் போடப்பட்ட கணவன் மனைவி மனுக்களை இரண்டு ஆண்டு காலத்துக்குச் சேர்த்தே பரிசீலிக்கக் குடிவரவுத் துறை ஒப்புக்கொண்டது. புதுப்பிக்க விண்ணப்பித்தவரின் பழைய அட்டை 180 நாள் தானாக நீளும் என்ற ஏற்பாடு 540 நாளாக உயர்ந்தது. 2025 அக்டோபர் 30 முதல் அந்தத் தானியங்கி நீட்டிப்பே எடுக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து விண்ணப்பிப்பவரின் புது அட்டை பழைய அட்டை முடியும் முன் வந்து சேராவிட்டால், மறுநாள் அவர் வேலைக்குப் போகக்கூடாது. கூடுதல் பணம் கட்டி விரைவாக முடித்துக்கொள்ளும் வசதியும் இந்தப் பிரிவுக்கு இல்லை. அலுவலகத்தின் தாமதத்துக்கு விண்ணப்பித்தவரைத் தண்டிக்கும் இந்த முறையை இவ்வமைப்பு வன்மையாக எதிர்க்கிறது.

2015 விதிக்கு எதிராக அதே ஆண்டில் வழக்குப் போட்டவர்கள், கலிபோர்னியாவில் ஒரு மின்சார நிறுவனத்தின் கணினிப் பிரிவில் எச்-1பி ஊழியர்களால் வேலை இழந்த அமெரிக்கர்கள். அவர்களுடைய வருத்தத்தைத் தள்ளிப் பேசுவது சரியல்ல. ஆனாலும் ஐ-140 ஒப்புதல் பெற்ற குடும்பம் நிரந்தரமாகக் குடியேற வரிசையில் நிற்கும் குடும்பம். கிரீன் கார்டு வந்த நாளில் அந்த மனைவி எப்படியும் வேலைக்குப் போகப் போகிறவர்தான். ஈ.ஏ.டி. அந்த நாளைச் சில ஆண்டு முன்னால் கொண்டுவருகிறது, அவ்வளவே. ஊழியரைக் குறைந்த கூலிக்கு மாற்றும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வேண்டியது எச்-1பி விதிகளில். மனைவியரின் கையைக் கட்டுவதால் அது நடக்காது.

2017இல் வந்த அரசு இந்த விதியை ரத்து செய்யப் போவதாக அறிவித்து, செய்யாமலே இருந்தது. 2021 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அட்டை வைத்திருந்தவர்கள் வேலை போய்விடுமோ என்ற அச்சத்திலேயே இருந்தார்கள். வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 2023 மார்ச்சிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலும் விதி செல்லும் என்றன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது. இதனால் முழு நிம்மதி வந்துவிடவில்லை. இப்படி அனுமதி தர அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். கொடுக்கும் அதிகாரம் உள்ள அரசு, முறைப்படி அறிவித்துத் திரும்பப் பெறவும் முடியும். சட்டமாக வேண்டும் என்று இவ்வமைப்பு வற்புறுத்துவது இதனாலேயே.

இதற்கு முன்மாதிரி அதே நாட்டில் இருக்கிறது. நிறுவனக் கிளைகளுக்கிடையே மாற்றலாகி எல்-1 விசாவில் வருபவரின் துணைவருக்கு வேலை உரிமை தரும் சட்டம் 2002 ஜனவரியில் நிறைவேறியது. 2021 நவம்பரில் ஏற்பட்ட வழக்குச் சமரசத்துக்குப் பின் அவர்களுக்குத் தனி அட்டையும் தேவையில்லை. ஐ-94இல் எல்-1 துணைவரைக் குறிக்கும் எல்-2எஸ் என்று பதிந்திருந்தால் அதுவே முதலாளியிடம் காட்டப் போதும். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் இருவரில், எல்-1காரரின் மனைவி வந்திறங்கியதும் வேலைக்குப் போகலாம், எச்-1பிகாரரின் மனைவி போகக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரோ எதிர்த்திசையில் போனது. அங்கே சார்ந்தோர் அனுமதியில் இருப்பவர்கள் ஒப்புதல் கடிதம் மட்டும் பெற்று வேலை பார்த்துவந்தார்கள். 2021 மே 1 முதல் அவர்களும் தனியாக வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றானது. விதியாக மட்டும் இருக்கும் சலுகை எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்கு இது சான்று.

எச்-4 நிலை திருமணத்தையே பற்றி நிற்பதால், விவாகரத்து ஆனால் விசா நிலையும் போய்விடும். கணவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அது இருவருக்கும் பொது. அடிக்கும் கணவரை விட்டு விலக நினைக்கும் பெண்ணிடம் பணமும் இல்லை, தங்கும் உரிமையும் இல்லை என்றால் அவர் எங்கே போவார்? இத்தகையோருக்கு ஐ-765வி என்று தனிப் படிவம் இருக்கிறது. கொடுமைக்கு ஆளான எச்-4 துணைவர் கணவரின் தயவில்லாமல் அதில் வேலை அனுமதி கேட்கலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. விசா கொடுக்கும்போதே அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் இதைத் தூதரகம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை, முதலாளியின் ஐ-140ஐ எதிர்பாராமல் எச்-4 துணைவர் எல்லோரும் விண்ணப்பிக்க இடம் தரவும், தானியங்கி நீட்டிப்பை மீட்கவும், கணவன் மனைவி மனுக்களை மீண்டும் சேர்த்தே பரிசீலிக்கவும் இவ்வமைப்பு கோருகிறது. குடும்பங்கள் புதுப்பித்தலுக்கு அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அட்டை இல்லாமல் அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்திய நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்வதும் பாதுகாப்பானதல்ல. பின்னாளில் கிரீன் கார்டுக்கே அது தடையாகலாம்.

தமிழ்நாட்டில் சம்பந்தம் பேசும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளை எச்-1பியில் எத்தனையாவது ஆண்டில் இருக்கிறார், ஐ-140 ஒப்புதல் ஆகிவிட்டதா என்று கேட்பது யாரையும் குறைத்துப் பேசுவதாகாது. ஆகவில்லை என்றால், அங்கே போனபின் சில ஆண்டுகள் வேலைக்குப் போக முடியாது என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.