எங்கம்மாவுக்கு எந்த சீட்டு?

நான் பிறந்தது ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்து லயனில். போன மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே மலைக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனேன். டிக்கெட் எடுத்து மான் பார்த்தோம். ஏரியில் படகு விட்டோம். சாயங்காலம் லேடீஸ் சீட். அதை ஒட்டி ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். துரையும் துரைசாணியும் குழந்தைகளும் உட்கார்ந்து கீழே சேலத்தைப் பார்த்த பாறைகளாம்.

"அப்பத்தா எதுலப்பா உக்காருவாங்க?" என்று சின்னவள் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி கண்ணெதிரே எங்கம்மா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

உட்காருவது இந்த நாட்டில் லேசான காரியமில்லை, தோழர்களே. திண்ணையில் உட்கார்ந்ததற்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்கும் அடி வாங்கிய சனம் நாம்.

ஏற்காட்டைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான்: 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியும் ஆரஞ்சும் கொண்டுவந்தார். சரி, குழி வெட்டினது யாரு? மூட்டை சுமந்தது யாரு? காப்பி மலையேறியபோது இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்தது. 1843-ல்தான் அது போனது. இந்த இரண்டு சேதியையும் சேர்த்துச் சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இயற்கை இயற்கை என்று உருகுகிறார்கள். எது இயற்கை? காப்பி வந்தேறிச் செடி. நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். இன்றைக்குக் காட்டுமாட்டைத் தூர நின்று போட்டோ எடுக்கிறார்கள். விடியக்காலை அது குறுக்கே வந்த பாதையில்தான் எங்கம்மா கூடையோடு வேலைக்குப் போனாள். நீங்கள் ரசிக்கிற பச்சை, அவள் கைப்பட்ட பச்சை.

தாவரவியல் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் செடிக்குச் செடி பெயர் உண்டு. சேர்வராயன் மலைப்பெயரையே தாங்கி நிற்கும் மரவகைகூட உண்டு. மனுசருக்குத்தான் இல்லை. மலையாளிப் பழங்குடிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டம் என்று கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. கைக்கு வந்து சேர்வது வேறு கதை. லயன்காரருக்கு அதுவும் கிடையாது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது, சொந்தமாக்கச் சொல்லவில்லை. வேலை போனால் கூரையும் போச்சு. எங்கம்மா முப்பது வருசம் பறித்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடுதான் மலையிறங்கினாள்.

இது ஏற்காட்டோடு முடியவில்லை. மாஞ்சோலைத் தொழிலாளிகள் கூலி கேட்டு நெல்லையில் ஊர்வலம் போன 1999 ஜூலை 23-ல், போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போச்சு. 2028 வரை குத்தகை இருந்தும், 2024-ல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி அவர்களை லயனைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த மண் இனி புலிக்காடு. புலி வாழட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? காட்டைத் திருத்தச் சொல்லி ஏற்றியதும் காட்டைக் காக்கிறோம் என்று இறக்குவதும் ஒரே சனத்தைத்தானே! அதைத்தான் கேட்கிறேன்.

மலையில் உழைத்துக் கிழடானவர்களுக்கு மலையிலேயே வீட்டுமனைப் பட்டா கொடுங்கள். இந்தத் தோட்டங்களை உண்டாக்கியது யார் என்று சுற்றுலாப் பலகையில் எழுதுங்கள். அதுவரைக்கும் அந்தப் பாறையில் என் பிள்ளைகள் உட்காருவார்கள், டிக்கெட் வாங்கிய ஆளாக அல்ல, அப்பத்தாவின் வாரிசாக.