பழைய சாயலில் ஒரு புதுக் காமிரா

"கையில் போன் இருக்கும்போது தனியாகக் காமிரா எதற்கு?" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தம்பி வாங்கிய நிக்கான் இசட் எஃப்சி இரண்டு வாரம் என்னிடம் இருந்தது. மாகறலில் என் வீட்டு வேலைகளுக்கு நடுவே பழகிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

"உங்க மாமா அந்தக் காலத்துல வெச்சிருந்த பெட்டி மாதிரியே இருக்கேம்மா!" என்றார் மாமியார். 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2 என்ற பிலிம் காமிராவின் சாயலில், 2021-இல் வெளிவந்தது இது. உள்ளேதான் எல்லாம் புதுசு. பழைய காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நின்று, காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். இதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. காட்சி உள்ளே ஒரு குட்டித் திரையில் தெரிகிறது. அதனால் உடம்பும் மெலிவு. பாட்டரி, கார்டு சேர்த்து 445 கிராம். கூட வரும் 16-50 லென்ஸ் 135 கிராம். கூடைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.

அழகு இருக்கட்டும், உபயோகம் என்ன? என் நாத்தனார் பட்டுச் சேலைகளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி விற்கிறார். "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று சேலை திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவும் நஷ்டம், பெயரும் கெடும். அரக்கு நிறச் சேலையைப் பரப்பி வைத்தால், இருட்டாக இருக்கிறதே என்று எண்ணி எந்தக் காமிராவும் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அரக்கு வெளுத்துச் சிவப்பாகும். இந்தக் காமிராவின் தலையில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. மைனஸ் 1-க்குத் திருப்பினேன். அரக்கு அரக்காகவே வந்தது.

எங்கள் ஊர் மாகறலீசுவரர் கோவில் விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். வெளியே நின்று, பளிச்சென்ற வானத்தோடு எடுத்தபோது விமானம் கறுத்துப் போயிற்று. அதே திருகைப் பிளஸ் 1-க்குத் திருப்பினால் சரி. இருட்டுப் பொருளுக்குக் கழி, வெளிச்சப் பின்னணிக்குக் கூட்டு. இவ்வளவுதான் கணக்கு!

சேலை எடுக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். காலை வெயில் நேராக விழாத திண்ணையே போதும். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று காமிராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசதியும் உண்டு. மயில்கழுத்து போன்ற இரட்டைச் சாயலுக்கு, மடிப்பை மாற்றி இரண்டு மூன்று படம் எடுங்கள்.

குழந்தைகளுக்கு? பின்பக்கத் திரையை வெளியே திருப்பி, காமிராவைத் தரையருகே பிடித்துக்கொண்டே பார்க்கலாம். தவழும் பிள்ளையின் முகம் அதன் கண் மட்டத்தில் கிடைக்கும். ஓடும் பிள்ளைக்கு 1/500 வினாடி வையுங்கள்.

குறைகளும் உண்டு. பிளாஷ் கூடவே வராது. 16-50 லென்ஸுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். மாலையில் கூடத்தில் ஓடும் குழந்தை கலங்கித்தான் வரும். அதற்கு 40 எஃப்2 போன்ற லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். மழை, தூசிக்கு எதிரான காப்பும் கிடையாது. இன்னொன்று: கார்டு தபால்தலை அளவுதான் இருக்கும், வாயில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். கழுத்துப் பட்டையையும் தொங்க விடாதீர்கள்.

என் முடிவு இதுதான். சேலையோ பலகாரமோ படம் காட்டி விற்கிற வீடு என்றால் இது தொழில் கருவி, சம்பாதித்துக் கொடுக்கும். குழந்தையை மட்டும் எடுக்க என்றால், 2021-இல் லென்ஸோடு லட்சத்தை ஒட்டி விலை வைத்த சாமானுக்காகச் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம். போனிலேயே திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும். மிச்சமாகும் பணத்தில் மாதம் பத்துப் படம் அச்சுப் போட்டு, பின்னால் பென்சிலால் தேதி எழுதி ஆல்பத்தில் வையுங்கள். போன் கெட்டாலும் அந்தப் படங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.