காணொளியை ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததா?

தமிழ்ப்பள்ளிகளின் வகுப்புப் பக்கங்களில் பாடக் காணொளிகள் பெருகி வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால், அவை ஏற்றப்படும் முறைதான் நெஞ்சைச் சுடுகிறது. யூடியூபில் 'பகிர்' என்பதை அழுத்தி, கிடைத்த நிரலை அப்படியே ஒட்டிவிட்டு, அதற்குத் 'தொழில்நுட்பவழிக் கற்பித்தல்' என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டை விளக்கும் மூன்று நிமிடக் காணொளியை இரண்டாம் ஆண்டு மாணவன் பார்த்து முடிக்கிறான். உடனே அதே பெட்டிக்குள் வேறு காணொளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியரா? பெற்றோரா? இருவருமே இல்லை! "நிரலில் 'ரெல்' என்பதைச் சுழியம் ஆக்கினால் போதும்" என்று இன்றும் சொல்வோர் உளர். 2018 செப்டம்பருக்குப் பின் அந்த அமைப்பு பரிந்துரைகளை நிறுத்துவதில்லை. அதே அலைவரிசையின் காணொளிகளைக் காட்டுகிறது, அவ்வளவே.

ஆசிரியர் தாமே பதிவு செய்த காணொளிக்கு, பள்ளிக்குச் சொந்த வலைத்தளம் இருக்கையில், பிறர் பெட்டி எதற்கு? பிளாஷ் செருகியைத் தேடி அலைந்த காலம் 2020 இறுதியோடு மறைந்தது. எச்.டி.எம்.எல். 5இல் 'வீடியோ' என்னும் ஒரே குறிச்சொல் போதும். அதனுள் 'கண்ட்ரோல்ஸ்' என்று எழுதினால் இயக்கவும் நிறுத்தவும் பொத்தான்கள் வரும். 'பிரீலோட்' என்பதற்கு 'நன்' என்று கொடுத்தால், பொத்தானை அழுத்தும்வரை பொதுவாகக் காணொளி இறங்காது. தாயாரின் கைப்பேசித் தரவு வீணாகாது. 'ஆட்டோபிளே' என்பதை எழுதாமல் விட்டாலே தானாக ஓடாது. இதற்குக் கணினிப் பட்டமா வேண்டும்?

எல்லாவற்றினும் கொடுமை, தமிழ் வசன வரிகளை நாம் அடியோடு கைவிட்டிருப்பது. 'டிராக்' குறிச்சொல்லில் ஓர் உரைக்கோப்பை இணைத்தால், ஒலிக்கும் சொல் அதே நொடியில் எழுத்தாகத் தோன்றும். வலி, வளி, வழி என்பவற்றைக் காதால் மட்டும் கேட்கும் பிள்ளை மூன்றையும் ஒன்றாகவே எழுதுகிறது. சொல்லைக் கேட்கும்போதே எழுத்தையும் காண வேண்டாமா? கோப்பின் முதல் வரியில் 'வெப்விடிடி' என ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும்; ஒரு வரி விட்டு, தொடக்க நேரம், முடிவு நேரம், அவற்றின்கீழ்ச் சொல். கோப்பை யூ.டி.எஃப்.-8 ஒருங்குறியில் சேமிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பாடக்குறிப்பை வெட்டி ஒட்டினால் திரையில் ஆங்கிலக் குப்பைதான் வரும். (இன்னும் ஒருங்குறிக்கு மாறாதவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்!)

"நேரமில்லை" என்பர். மூன்று நிமிடக் காணொளிக்கு வரிகள் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். வண்ணத்தாள் வெட்டி அறிவிப்புப் பலகையை ஒப்பனை செய்ய மட்டும் வாரக்கணக்கில் நேரம் எங்கிருந்து வருகிறது?

பிறர் காணொளியை இசைவின்றி இறக்கி நம் தளத்தில் வைப்பது உரிமை மீறல். அவற்றுக்கு யூடியூப் பெட்டிதான் வழி. அப்போதும் தொடக்க, முடிவு நொடிகளைக் குறித்து, பாடத்திற்கு வேண்டிய பகுதியை மட்டும் காட்டலாம்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் வகுப்புப் பக்கத்தைத் திறந்து ஒரு காணொளியை இறுதிவரை ஓடவிடுங்கள். தமிழ் வரி வருகிறதா, முடிந்தபின் பெட்டியில் எவை வந்து நிற்கின்றன என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.